பத்துல மூணாவது அய்யன்

பல்லுல ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. சத்தம் போட்டுறாதீங்க, சொல்லிப்போடறேன். வலின்னு சொன்னது பொய்யிங்க. தாடையைப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்ததும் பொய்யிங்க. உங்க சிஸ்டரம்மா பாவம், நான் துடிக்கறனாக்கும்னு நெனச்சு, முன்னால இருந்தவங்களையெல்லாம் உட்டுப்போட்டு என்னைய உள்ள அனுப்பிச்சிருச்சு. அது மேல கோவிச்சுக்காதீங்க.

அந்த லைட்டைச் சித்தே அக்கட்டால திருப்புங்களேன். கண்ணு கூசுது. கதவு சாத்தியிருக்குதுங்களா? தாப்பாள் இல்லீங்களா? சரி, உடுங்க.

வெளிய ஹால்ல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க பாருங்க, கையில வெள்ளைப் பை வெச்சுக்கிட்டு. கமலவேணியம்மா. ஆமாங்க, உங்க பேஷண்ட்டுதான். எனக்குச் சம்பந்தி ஆகப்போறவங்க. அவங்க தலைக்கு மேல செவுத்துல ஒரு போட்டோ மாட்டி வெச்சிருக்கறீங்களே, கருப்பு வெள்ளையில, தலைப்பாகை கட்டுன பெரியவரு? அந்தப் போட்டோவப் பத்தித்தானுங்க உங்ககிட்டப் பேச வந்தேன். அந்தம்மா இன்னிக்கே வந்து நிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா ஈரோட்டுப் பக்கமே தலை வெச்சுப் படுத்திருக்க மாட்டேன். படியேறும்போது கார்ல இருந்து எறங்கறாங்க. துண்டை எடுத்து மூஞ்சியைப் பொத்திக்கிட்டு உள்ள பூந்துட்டேன். மூஞ்சியைப் பொத்தினேன், வண்டியைப் பொத்த முடியுமா? வாசல்லயே நிக்குது. நம்பரு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

என்னுங்க, பிரஷர் பாக்கோணுமுங்களா? இல்லீங்க, பிரஷர் மாத்திரையெல்லாம் காலையிலயே போட்டுட்டேன். இது பிரஷர் இல்லீங்க, பயம்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. திருப்பூரு. பனியன் கம்பெனி வெச்சிருக்கறேன். பெரிய எக்ஸ்போர்ட்டருன்னு நெனச்சுக்காதீங்க, ஏதோ நாலு பேருக்குச் சோறு போடற அளவுக்கு. போன வருசம் புது ஊடு கட்டினேன். கட்டி முடிச்சு, உள்ள அலங்காரம் பண்றதுக்கு ஒரு புள்ளையக் கூப்பிட்டேன். படிச்ச புள்ள. ஹால்ல பெரிய செவுரு ஒண்ணு வெறுமனே நின்னுச்சு. நான் சொன்னேன், ஏழு குதிரை ஓடுமே, அந்தப் படத்தை மாட்டிரலாம் கண்ணு, வாஸ்துவுக்கும் ஆச்சுன்னு. அந்தப் புள்ள என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. "அங்கிள், குதிரையெல்லாம் இப்ப ஹார்டுவேர் கடையிலதான் மாட்டறாங்க. உங்க டேஸ்ட்டைக் காட்டற மாதிரி ஃபைன் ஆர்ட் போட்டோ ஒண்ணு வாங்கணும்"னுச்சு. எனக்கு டேஸ்ட்டு இருக்கறது அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்.

கோயமுத்தூர்ல ஒரு எக்சிபிஷனுக்குக் கூட்டிப் போச்சு. நீங்களும் அங்கதான் வாங்குனீங்களா? அப்பத் தெரியும். வெள்ளைச் செவுரு, ஒரு செவுத்துக்கு ஒரே ஒரு படம். சனமெல்லாம் கர்ப்பகிரகத்துக்கு முன்னால நிக்கறாப்பல பேசாம நிக்குது. நான் சுத்தி வந்தேன். எலை. கல்லு. காலி நாற்காலி. இதையெல்லாம் காசு குடுத்து வாங்குவாங்களான்னு நெனச்சுக்கிட்டே திரும்பறேன், அந்தப் பெரியவரு என்னையப் பாத்துக்கிட்டு இருக்காரு. நேரா. எங்கிட்ட ஏதோ கேக்கறாப்பல. நான் நின்னுட்டேன்.

எங்கப்பா சாயலான்னு கேக்கறீங்களா? இல்லீங்க, இல்லவே இல்லை. எங்கய்யன் யாரையும் நிமுந்து பாத்ததே கெடையாது. எந்நேரமும் குனிஞ்ச தலைதான். ஊசியில நூலு கோக்கோணுமில்ல.

அதை அப்பறஞ் சொல்றேன். இந்தப் பெரியவரைப் பாருங்க. அந்த நெத்தி என்ன, மூக்கு என்ன. தலைப்பாகையை எப்படி ஒரு தோரணையாச் சுத்தியிருக்காரு. ஜமீன் களை சொட்டுதுங்களா இல்லீங்களா? ஒரு நூறு ஏக்கரா வெச்சு ஆண்ட மொகமில்லீங்களா அது? அங்க படம் விக்கற புள்ள வந்து "இது லிமிட்டெட் எடிஷன் சார்"னுச்சு. எனக்கு லிமிட்டெட்னா பிரைவேட் லிமிட்டெட்டுதான் தெரியும். சரி, பதிவு பண்ண கம்பெனியாட்ட இருக்குது, ஏமாத்த மாட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு, பில்லு போடச் சொன்னேன்.

அந்த லிமிட்டெட்டுதானுங்க எங்குடியைக் கெடுத்தது.

கொண்டாந்து மாட்டினேன். எங்கூட்டுக்காரி வசந்தாமணி இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னா. "ஊரு பேரு தெரியாத கெழவனைக் கொண்டாந்து நடு ஊட்டுல மாட்டறீங்களே, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க"ன்னா. இது ஆர்ட்டுடி, உனக்குத் தெரியாதுன்னேன். அவ சொன்னது அப்படியே நடந்துச்சு. பாக்கறவங்க நெனச்சாங்க.

எம்பொண்ணு தாரணியைப் பாக்க வந்திருந்தாங்க. மாப்பளையோட பெரியம்மாதான் இந்தக் கமலவேணியம்மா. அவங்க வெச்சதுதான் அந்த ஊட்டுல சட்டம். உள்ள வந்தவங்க பலகாரத்தைத் தொடல, பொண்ணைப் பாக்கல, நேராப் போய் அந்தப் படத்துக்கு முன்னால நின்னாங்க. செருப்பை வாசல்லயே கழட்டிட்டாங்க, இல்லீன்னா அங்க கழட்டியிருப்பாங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்க டாக்டரம்மா. நான் என்ன பண்றது? கும்பிட்டுப்போட்டுத் திரும்பி, "உங்க அய்யனுங்களா?"ன்னாங்க.

நீங்களே சொல்லுங்க. நம்ம ஊருல நடு ஊட்டுல ஒத்தை ஆளு படத்தை அத்தாப்பெருசா மாட்டுனா அது யாரா இருக்கும்? செத்துப்போன பெரியவங்களாத்தான் இருக்கும். இல்லீங்க, இது யாருன்னே எனக்குத் தெரியாது, அழகா இருந்துச்சு, காசு குடுத்து வாங்கியாந்தேன்னு அந்த நேரத்துல சொல்ல முடியுங்களா? இவனுக்கு மண்டையில ஏதோ கோளாறுன்னு எந்திரிச்சுப் போயிருப்பாங்க. நான் யோசிக்கறதுக்குள்ள வாய் சொல்லிப்போடுச்சு. "ஆமாங்க."

அதோட உட்டாங்களா? மூஞ்சியைக் கிட்டக் கொண்டுபோய், படத்துக்குக் கீழ மூலையில பென்சில்ல எழுதியிருக்குமே, அதைப் படிச்சாங்க. மூணு, ஒரு கோடு, பத்து. "அக்டோபர் மூணுங்களா? அன்னிக்குத்தான் தவறுனாருங்களா?"ன்னாங்க. நானே அதைப் போட்டோ எடுத்த தேதின்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கும் ஆமாங்கன்னேன். "மொகத்தைப் பாத்தாலே பரம்பரை தெரியுது. இந்த ஊட்டுல பொண்ணெடுக்கறதுக்கு நாங்க குடுத்து வெச்சிருக்கோணும்"னாங்க. அப்பறந்தான் உக்காந்து பலகாரத்தையே தொட்டாங்க.

தாரணி உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அவங்க போனப்பறம் எங்கிட்ட வந்து, "அப்பா, ஏப்பா அப்படிச் சொன்னீங்க?"ன்னு கேட்டுச்சு. அந்தப் பையனை அதுக்குப் புடிச்சுப்போச்சுங்க. மூஞ்சியில தெரியுது. நான் என்ன சொல்றது? கல்யாணம் முடியட்டும் கண்ணு, படத்தைக் கழட்டிரலாம்னேன்.

அக்டோபர் மூணு வந்துச்சு. கமலவேணியம்மா பெரிய ரோசாப்பூ மாலையோட வந்து நிக்கறாங்க, நெனவு நாளைக்குக் கும்பிடோணுமுன்னு. வசந்தாமணி வடை பாயசத்தோட எலை போட்டா. மாலை போட்டு, பொட்டு வெச்சு, வெளக்கேத்தி, சூடம் காட்டி, நான் உழுந்து கும்பிட்டேன். எந்திரிக்கறேன், எங்கூட்டுக்காரி எங்காதுல சொல்றா: "எம் மாமனாரு செத்தது நல்ல கோடையில. அன்னிக்கு மாலை போடறதுக்கு ஒரு படமில்லாம தையல் மெஷினுக்கு மாலை போட்டோம். நெனப்பிருக்குதா?"

நெனப்பில்லாமயா. ஆனா அதையெல்லாம் சூடம் காட்டும்போது ஞாபகப்படுத்துவாங்களா, சொல்லுங்க? அவளுக்கு நேரங்காலமே தெரியாது.

தண்ணி இருக்குதுங்களா? வாய் கொப்புளிக்கறதா இருந்தாலும் பரவால்லீங்க, குடுங்க.

அப்பறம் போன வாரம் அந்தம்மா போன் பண்ணினாங்க. நான் கட்டிங் டேபிள்கிட்ட நிக்கறேன். "என்னுங்க சம்பந்தி, ஒரு அதிசயத்தைக் கேளுங்க. பல்லுக் காட்டறதுக்கு ஈரோட்டுல புதுசா ஒரு டாக்டரம்மாகிட்டப் போனேன். அங்க உங்க அய்யன் படம் மாட்டியிருக்குது! அதே தலைப்பாகை, அதே பார்வை. நான் மலைச்சுப்போயிட்டேன்"ங்கறாங்க. எனக்குக் காதுல கொய்யிங்குது. மெஷின் சத்தமா, எந்தலைக்குள்ளயான்னு தெரியல.

அந்த எக்சிபிஷன்காரங்களுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். எனக்கு வித்த படம் இன்னொருத்தருகிட்ட எப்படி இருக்குதுன்னேன். அந்தப் புள்ள நிதானமாச் சொல்லுது: "சார், அதுதான் லிமிட்டெட் எடிஷன். மொத்தம் பத்துப் பிரிண்டு. உங்களுது பத்துல மூணாவது. கீழயே எழுதியிருக்குமே சார்."

மூணு, கோடு, பத்து. அது செத்த தேதி இல்லீங்க டாக்டரம்மா. நம்பரு.

எங்கூட்ல இருக்கற ஆளு பத்துல ஒருத்தரு. இங்க ஒருத்தரு, மத்த எட்டுப் பேரு எங்க தொங்கறாங்கன்னு கேட்டேன். கஸ்டமர் விவரமெல்லாம் தரமாட்டோம்னு வெச்சிருச்சு. அன்னையில இருந்து பயமுன்னா பயம் அப்படியொரு பயமுங்க. எந்த ஊட்டுக்குள்ள போனாலும் மொதல்ல செவுத்தைத்தான் பாக்கறேன். பேங்க் மேனேஜர் ரூமுக்குப் போறேன், கண்ணு செவுத்துல. ஆடிட்டர் ஆபீசு, ஓட்டலு, கல்யாண மண்டபம், எங்க போனாலும் அப்படித்தான். எங்காச்சும் ஒரு மூலையில அந்தப் பெரியவரு உக்காந்துக்கிட்டு, "என்னடா மகனே"ன்னு கேட்டுப்போடுவாரோன்னு தேடறேன்.

போன்ல அந்தம்மாகிட்ட என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? அதைச் சொல்லத்தானுங்க வந்தேன். கோவப்படக் கூடாது. "ஓ, அந்த டாக்டரம்மாவுங்களா. ஏழைப்பட்ட புள்ளைங்க. எங்கய்யன்தானுங்க படிக்க வெச்சாரு. அந்த நன்றிக்குப் படத்தை மாட்டி வெச்சிருக்கறாங்க"ன்னு சொல்லிப்போட்டேன்.

இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. நான் என்ன பண்றது, போன்ல அந்தப் பக்கம் அவங்க காத்துக்கிட்டு இருக்கறாங்க. வேற என்ன சொல்லறது? அவங்களுக்கு ஒரே சந்தோசம். "அப்பேர்ப்பட்ட மனுசனா! அடுத்த தடவை போகும்போது டாக்டரம்மாகிட்டயே கேக்கறேன்"னாங்க. அதுதானுங்க, அவங்க கேக்கறதுக்குள்ள நான் வந்து சொல்லிப்போடலாமுன்னு ஓடியாந்தேன். நீங்க ஒண்ணும் பெருசாச் சொல்ல வேண்டாம். கேட்டா, ஒரு தலையை ஆட்டுனீங்கன்னாப் போதும். வர்ற முகூர்த்தத்துல நிச்சயம் வெச்சிருக்குது. இப்ப நின்னுபோச்சுன்னா எம்பொண்ணு பேரு என்ன ஆவும்? ஏன் நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு ஊரெல்லாம் கேக்கும். அந்தப் புள்ள மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது? பொய்யின்னு தெரிஞ்சா அந்தம்மா ஒரு நிமிசம் நிக்க மாட்டாங்க டாக்டரம்மா. ஒரு நிமிசம்.

என்னுங்க? யாருன்னீங்க? உங்கப்பா கண்டக்டருங்களா. டபுள் டூட்டி பாத்து உங்களைப் படிக்க வெச்சாருங்களா. இதா, மேசை மேல இருக்கறது அவருங்களா? அட, யூனிபார்மோட. தோள்ல தோல்பையோட. நல்லா இருக்காருங்க. சிரிச்சாப்பல.

தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. நான் அவரைக் கொறைச்சுச் சொல்லலீங்களே. அவரு பேரையே நான் எடுக்கலியே. கண்டக்டரு நல்ல வேலைதானுங்க, கவருமெண்ட்டு வேலை. ஆனா ஒரு கண்டக்டரு தம்புள்ளையப் படிக்க வெச்சாருன்னா அதுல கேக்கறவங்களுக்கு என்ன இருக்குது? அதைச் சொன்னா எங்கதை நிக்குமுங்களா? நான் உங்களுக்கு நல்லதாத்தானே சொன்னேன், ஒரு ஜமீன்தாரு படிக்க வெச்ச புள்ளைன்னு.

என்னது? ஜமீன்தாரு இல்லியா? ஃபிரேமுக்குப் பின்னால எழுதி ஒட்டியிருக்குதா? எங்கூட்லயும் ஏதோ ஒட்டியிருந்துச்சுங்க, இங்கிலீசுல இருந்துச்சு, கேரண்டி கார்டுன்னு நெனச்சேன். என்னன்னு எழுதியிருக்குது? வேதாரண்யமா? உப்பளமா? ஓ, உப்பளத்துக்கு முதலாளிங்களா?

தொழிலாளியா.

கூலிக்கு உப்பு வார்றவரா. நெசமாவா சொல்றீங்க? அந்தத் தலைப்பாகை? வெயிலுக்குச் சுத்துன துண்டா. அந்த மூக்கு... சரி, மூக்கு யாருக்கு வேணாலும் இருக்கும். அந்தப் பார்வை? வெயில்ல கண்ணு கூசுனதா இருக்குமா. உப்புல எந்நேரமும் வெள்ளையா அடிக்கும், இல்லீங்களா.

அடக் கெரகமே.

இருங்க. "இருக்கறாரு"ன்னு சொன்னீங்களா? போட்டோ புடிச்சவரே உங்ககிட்டச் சொன்னாரா? உசுரோடயா? இன்னும் உசுரோட இருக்கறாரா? டாக்டரம்மா, நான் மாலை போட்டேனே. பொட்டு வெச்சு, எலை போட்டு, சூடம் காட்டிக் கும்பிட்டேனே. உசுரோட இருக்கற மனுசனுக்கு எவனாச்சும் நெனவு நாளு கும்பிடுவானா? அந்தப் பெரியவருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் யாரைச் சேரும்? எம்பொண்ணு கல்யாணம் வேற இருக்குது. இப்பத்தானுங்க எனக்கு நெசமாவே பயமா இருக்குது. இத்தனை நேரம் இருந்தது ஒண்ணுமே இல்லை.

வலியில வர்றவங்களுக்கு அந்த மொகத்தைப் பாத்தாப் பயம் தெளியும்னு மாட்டுனீங்களா? நல்லா மாட்டுனீங்க போங்க. எனக்கு அதைப் பாத்துத்தான் பயமே வந்துச்சு.

யாரது? ஓ, சிஸ்டரம்மாவா. யாரு அவசரப்படறாங்க? பச்சைச் சேலையா? டாக்டரம்மா, ஏதாச்சும் வைத்தியம் பண்றாப்பல பண்ணுங்க, புண்ணியமாப் போகும். கண்ணாடி எடுங்க, ஊசி எடுங்க. நான் வாயைத் தொறந்துக்கறேன். இதா.

ஆ...

என்னுங்க? முன்னம்பல்லா? மேல் பல்லு நுனியில ஒரு சின்ன வெட்டு இருக்குதா? நூலு கடிப்பீங்களான்னு கேக்கறீங்களா?

அதெப்படிங்க உங்களுக்குத் தெரிஞ்சுது? யாராச்சும் சொன்னாங்களா? இதுக்கு முன்னால வேற தையல்காரங்க வாயில பாத்திருக்கறீங்களா. அது வெளிய தெரியுமுங்களா? சிரிச்சாத் தெரியுமா? கமலவேணியம்மாவுக்கு முன்னால நான் எத்தனை தடவை சிரிச்சிருப்பேன். ஐயோ. அதைச் சிமெண்ட்டு வெச்சு அடைச்சுப்போட முடியுங்களா? இப்பவே முடியுமா?

ஆமாங்க. தையல்காரன் மகன்தான். தையல்காரருன்னாக்கூடப் பெரிய வார்த்தை. புதுத்துணி தைக்கற தையல்காரரு இல்லீங்க எங்கய்யன். அவிநாசியில சந்தைப்பேட்டைக்கு வெளிய, ஒரு மெஷினைப் போட்டுக்கிட்டு கிழிசல் தைக்கறவரு. கிழிஞ்ச சட்டை, பையி, கொடை, மெத்தை உறை, எது வந்தாலும் தைப்பாரு. ஒரு கத்திரிக்கோலு, அது மழுங்கிப்போயிருக்கும். அதனால பல்லுலயே கடிப்பாரு. பக்கத்துல உக்காந்து நானும் கடிப்பேன். அவரு பல்லுல இதே எடத்துல இதைவிடப் பெரிய வெட்டு. அதுக்குள்ள நூலை வெச்சு டக்குன்னு ஒரு இழு இழுப்பாரு, பாருங்க, கத்திரி தோத்துப்போகும்.

நல்ல மனுசனுங்க. யாரு கிழிசலையும் அவரு இளக்காரமாப் பாத்ததில்லை. தைச்சு முடிச்சுத் தையலு வெளிய தெரியுதான்னு வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாப்பாரு. தெரியலைன்னா அவருக்கு அப்படியொரு சந்தோசம். ஆனா அதையெல்லாம் செவுத்துல மாட்ட முடியுங்களா?

படம் இருக்குதுங்க. இல்லாம இல்லை. இதா, பர்சுலதான் இருக்குது. தையல்காரங்க நலவாரிய அட்டைக்கு எடுத்தது, ஒண்ணே ஒண்ணு. அட்டை நைஞ்சுபோச்சு, போட்டோவை மட்டும் பிச்சு வெச்சுக்கிட்டேன். பாருங்க, பாதி மொகத்துல சீலு உழுந்திருச்சு. வாயை இறுக்கி மூடிக்கிட்டு இருப்பாரு, பல்லு தெரியக் கூடாதுன்னு. பெருசு பண்ணலாமுன்னு ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். "பண்ணலாம் சார், ஆனா சீலும் பெருசாவும்"னான். நடு ஊட்டுல கவருமெண்ட்டு சீலு ஒண்ணை மாட்டி வெக்க முடியுங்களா? அதான் திரும்பப் பர்சுலயே வெச்சுட்டேன்.

நல்லாப் பாருங்க, பாருங்க. கையில வெச்சே பாருங்க. கண்ணு தெரியுதுங்களா? கீழதான் பாத்துக்கிட்டு இருக்கும். கேமராவுக்கு முன்னாலயும் குனிஞ்சுக்கிட்டாரு மனுசன்.

ஏனுங்க டாக்டரம்மா, லைட்டை அது மேல திருப்பறீங்க?

அதை அந்தப் பஞ்சுத் தட்டுலயே வெச்சுருங்க, கதவு தொறக்குது. ஐயோ, அவங்கதான். பொய் சொல்ல வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்க. எம்பொண்ணுக்காக. உங்க கால்ல வேணாலும் உழுகறேன்.

வாங்க, வாங்க கமலவேணியம்மா! நல்லா இருக்கறீங்களா? ஆமாங்க, வெளிய நிக்கறது என் வண்டிதானுங்க. திடீர்னு பல்லு வலி வந்துருச்சு. இந்தக் கடவாப்பல்லு. அதான், நம்ம டாக்டரம்மா இருக்கறாங்களேன்னு இங்க வந்தேன். உக்காருங்க, உக்காருங்க. அய்யன் படத்தைப் பத்தியா? கேளுங்க, தாராளமாக் கேளுங்க. அவங்களையே கேளுங்க. நான் இதா, வாயைத் தொறந்துக்கறேன்.

ஆ...

என்னதுங்க? தட்டுலயா? எந்தப் போட்டோ?

ஓ, அதுங்களா. தெரியலீங்களே. எனக்கு முன்னால வந்தவங்க யாராச்சும் உட்டுப்போட்டுப் போயிருப்பாங்க. யாரோ கூலிக்காரராட்ட இருக்குது. இல்லீங்க, எனக்குத் தெரியாதுங்க. பாத்ததே இல்லை.

டாக்டரம்மா, நீங்க ஏன் என்னையே பாக்கறீங்க? கமலவேணியம்மா கேக்கறாங்க பாருங்க, வெளிய இருக்கற படத்தைப் பத்தி. சொல்லுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க.

சிஸ்டரம்மா, தட்டை எங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க? கழுவறதுக்கா? சரி, சரி, போங்க. இல்ல, அந்தப் பஞ்சையெல்லாம் என்ன பண்ணுவீங்க? குப்பையிலயா? ஒண்ணுமில்லீங்க கமலவேணியம்மா, சும்மாதான் கேட்டேன். பழைய பஞ்சை என்ன பண்ணுவாங்கன்னு. நீங்க பேசுங்க.

சிஸ்டரம்மா, அம்மணி, சித்தே நில்லு.

நில்லு அம்மணி! கொட்டிப்போடாதே! கமலவேணியம்மா, வழி உடுங்க, நான் எந்திரிக்கோணும். இந்தச் சேரை எப்படி எறக்கறது? யாராச்சும் எறக்குங்களேன்! அம்மணி, அந்தச் சின்னப் போட்டோ, அதை எடுத்துரு. ஈரம் படாம எடு கண்ணு. அது எங்கய்யன். எங்கய்யனுங்க. அதுக்கு வேற காப்பி இல்லீங்க.